யூஃபோனியத்துக்கு யார் பாட்டு எழுதுவது?

யூஃபோனியம் என்று சொன்னால் க்ளாஸில் பாதிப் பேர் "அது என்ன, இருமல் மருந்தா?" என்று கேட்பார்கள். மீதிப் பேரில் சிலர் 2015-இல் வந்த ஜப்பான் அனிமே ஒன்றின் பெயரில் அந்த வார்த்தையைப் பார்த்திருப்பார்கள். மருந்து இல்லை மக்களே, வாத்தியம். பித்தளையில் செய்தது, மடியில் குழந்தையை வைத்திருப்பது போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசிப்பது, வாய் மேலே பார்த்திருக்கும். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் குழாயை நீட்டினால் கிட்டத்தட்ட 9 அடி வரும். பெயருக்குக் கிரேக்கத்தில் "இனிய குரல்" என்று அர்த்தம். அந்தப் பெயர் பொய்யில்லை. பித்தளை வாத்தியங்களில் ஆண் குரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆவடி, வெள்ளானூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. சுற்றிலும் போலீஸ் பட்டாலியன், சி.ஆர்.பி.எஃப்., ஏர்ஃபோர்ஸ், டாங்க் ஃபேக்டரி என்று எல்லாமே யூனிஃபார்ம் ஏரியா. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினால் பேண்டு ஒத்திகை இல்லாமல் இருக்காது. பள்ளிக்கூட பேண்டு, சர்ச் பேண்டு, காலேஜ் பேண்டு, கல்யாண பேண்டு என்று அந்தப் பழக்கம் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

பிரச்சினை அந்த வாத்தியத்தை வாசிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும்தான். யாரும் ஆசைப்பட்டு யூஃபோனியத்துக்கு வருவதில்லை. ட்ரம்பெட் கேட்டு வருவார்கள், ட்ரம்பெட் தீர்ந்திருக்கும், "நீ கொஞ்சம் உடம்பா இருக்க, இதைத் தூக்கிக்கோ" என்று மாஸ்டர் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் வேலை என்ன? பாட்டை ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசிக்கும். கீழே பேஸ் "பூம்... பூம்" போடும். நடுவில் இருக்கும் இடத்தை இது நிரப்ப வேண்டும். நல்ல மார்ச்சாக இருந்தால் நடுவில் ஓர் எதிர்மெட்டு கிடைக்கும், எட்டு பார், பதினாறு பார். அதுதான் தீபாவளி.

அது பேண்டோடு இருக்கும்போது. காலேஜ் முடிந்துவிட்டது, அல்லது பேண்டு கலைந்துவிட்டது, அல்லது லீவு. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்க அவனிடம் என்ன இருக்கிறது? ஃபைலைத் திறந்தால் தேசிய கீதத்தில் தன் பாகம், இரண்டு மார்ச்சில் தன் பாகம், நாலு சினிமாப் பாட்டில் தன் பாகம். எல்லாமே "பாகம்". முழுசாக ஒன்றுகூட இல்லை. தனியாக வாசித்தால் பாதி ஃபோன் பேச்சைக் கேட்பது மாதிரி இருக்கும். மூன்று நாலு வருஷம் உழைத்துக் கற்றுக்கொண்ட பலர் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். டிரினிட்டி மாதிரி கிரேடு பரீட்சைக்குப் போகிறவர்களுக்காவது ஒரு பாடல் பட்டியல் உண்டு. எட்டாவது கிரேடு தாண்டினால் அவர்களும் அதே நிலைமைதான்.

ஏன் இப்படி? வாத்தியம் பிறந்தது லேட். 1843 வாக்கில் ஜெர்மனியில் உருவானது. மொசார்ட், பேத்தோவன் எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்காலிகள் ஏற்கனவே நிரம்பிவிட்டன. எப்போதாவது கெஸ்ட் ரோல் கிடைக்கும்: ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் "டான் கிஹோட்டே" (1897), ஹோல்ஸ்டின் "கிரகங்கள்" தொகுப்பில் செவ்வாய்க்கான இசை. ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை இல்லாத வாத்தியத்துக்குப் பெரிய கம்போசர்கள் எழுதுவதில்லை. அவர்கள் எழுதாததால் ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை இல்லை. எகனாமிக்ஸ் பேப்பரில் வறுமையின் நச்சுச் சுழல் என்று ஐந்து மார்க்குக்குப் படிப்போமே, அதேதான் :-)

அதனால் பட்டாளத்து பேண்டும் இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் பேண்டுகளும்தான் இதைக் காப்பாற்றின. அங்கே வாசித்ததெல்லாம் ஒரு தெரிந்த மெட்டு, அப்புறம் அதை விதவிதமாகச் சுழற்றி வேகமாக வாசித்துக் கைதட்டல் வாங்குவது. இத்தாலிக்காரர் போன்கியெல்லி 1872-இலேயே பேண்டோடு வாசிக்க ஒரு கச்சேரித் துண்டு எழுதினார். அதுவும் அந்த ரகம்தான். கேட்க ஜாலியாக இருக்கும், ஆனால் கேட்டு முடித்ததும் மனசில் தங்காது. சால்வேஷன் ஆர்மி பேண்டுகளில் லெய்ட்சன் எழுதிய "சகோதரனின் பாடல்" மாதிரி கொஞ்சம் ஆழமான சோலோக்கள் இருந்தன. நாகர்கோவில் பக்கம் சால்வேஷன் ஆர்மி சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாகவே இருக்கலாம்.

மாற்றம் 1970-களில் வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1972-இல் இங்கிலாந்தில் தேசிய பிராஸ் பேண்டு போட்டிக்காரர்கள் கேட்டதால் ஜோசப் ஹொரோவிட்ஸ் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். வியன்னாவில் பிறந்து, ஹிட்லருக்குத் தப்பி 1938-இல் இங்கிலாந்து வந்த குடும்பம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ட்ரெவர் க்ரூம் முதலில் வாசித்தார். அதன் இரண்டாம் பகுதி, மெதுவாகப் போகிற பகுதி, இன்றைக்கும் யூஃபோனியம்காரர்களைக் கண் கலங்க வைக்கிறது. 1973-இல் அமெரிக்காவில் டியூபா, யூஃபோனியம் வாசிப்பவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள் (சங்கத்தின் பெயரைச் சுருக்கினால் "டியூபா" என்றே வரும், அவ்வளவு பாசம்). 1974-இல் சாமுவேல் ஆட்லர் யூஃபோனியமும் மரிம்பாவும் மட்டும் பேசிக்கொள்கிற மாதிரி "நான்கு உரையாடல்கள்" எழுதினார். 1976-இல் பிரையன் போமன் நியூயார்க் கார்னெகி ரிசைட்டல் ஹாலில் முழுக்க முழுக்க யூஃபோனியம் கச்சேரி செய்தார். அந்த அரங்கில் அதுதான் முதல் தடவை. 1977-இல் யான் பாக் என்பவரின் "கான்செர்ட் வேரியேஷன்ஸ்" வந்தது. (பழைய பாக் இல்லை, இவர் வேறு.) ஐந்தாறு வருஷத்துக்குள் இவ்வளவு.

இவற்றில் எதுவும் தானாக மரத்திலிருந்து விழவில்லை. வாசிக்கிறவர்கள் போய்க் கேட்டார்கள், எழுதினார்கள். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் வெள்ளானூரில் இருக்கும் மாணவனுக்கும் வழி தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். இன்றைக்கு அந்த மாணவன் புதுசாக, கொஞ்சம் கிறுக்குத்தனமாகவே ஒன்று வாசிக்க ஆசைப்பட்டால் எங்கே தேடுவது?

முதலில் பெயர்க் குழப்பம். பழைய அமெரிக்கப் பதிப்புகளில் இதே வாத்தியத்துக்கான தாளில் "பாரிடோன்" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "நமக்கில்லை" என்று மூடி வைக்கக் கூடாது. அடுத்தது, ஒரே பாட்டு இரண்டு விதமாக அச்சாகும். பேஸ் க்ளெஃபில் எழுதினது எழுதின இடத்திலேயே ஒலிக்கும். ட்ரெபிள் க்ளெஃபில் எழுதினது ஒரு ஸ்தாயியும் ஒரு ஸ்வரமும் கீழே ஒலிக்கும். பேண்டில் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் படிக்க வரும். கஷ்டப்பட்டாவது இரண்டையும் படிக்கக் கற்றுக்கொண்டால் தேடும் இடம் சட்டென்று பல மடங்கு பெரிதாகிவிடும். பேஸ் க்ளெஃப் தெரிந்தவனுக்கு செல்லோ, பஸூன், ட்ரோம்போன் மூன்றின் சொத்தும் திறந்துவிடும்.

அந்தக் கடன் சொத்தில் ஒரு ரத்தினம் இருக்கிறது. லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1948-இல் தனி ட்ரோம்போனுக்கு எழுதிய சின்ன இரங்கல் பாட்டு. யாருக்கு இரங்கல் தெரியுமா? தன் தம்பி வளர்த்த மிப்பி என்ற நாய்க்கு! வாசிக்கிறவர் காலால் தட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தாளம் போட்டுக்கொண்டு பாடிப் பழகிய ஊர்க்காரனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? யூஃபோனியத்தில் அழகாக உட்காரும். இன்னும் தைரியம் இருந்தால் பெரியோ எழுதிய "செக்வென்சா" வரிசையில் ட்ரோம்போனுக்கான ஐந்தாவதைக் (1966) கேட்டுப் பார்க்கலாம். ஒரு சர்க்கஸ் கோமாளியை மனசில் வைத்து எழுதினது. வாசிக்கிறவர் நடுவில் "ஏன்?" என்று வாயைத் திறந்து கேட்பார். பதினாலு செக்வென்சாவில் யூஃபோனியத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பது தனிச் சோகம்.

வாத்தியத்துக்கே எழுதினவற்றில், துணை வேண்டாதவையும் துணை ரெக்கார்டிலேயே வருபவையும்தான் இங்கே உபயோகப்படும். நல்ல பியானோ வாசிப்பவரை ஆவடியில் தேடிப் பிடித்து, அவருக்கு நேரம் கேட்டு, அவர் வீட்டுக்கு 9 அடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது நடக்கிற காரியமா? ஜான் ஸ்டீவன்ஸ் எழுதிய "சொலிலோக்விஸ்" தனி யூஃபோனியத்துக்கு மட்டுமானது, கரண்ட் போனாலும் வாசிக்கலாம். நீல் கோர்வெல் என்ற அமெரிக்க ராணுவ பேண்டு வாசிப்பாளர் சிந்தசைசர் துணையோடு தானே எழுதி வாசித்தவர். அவருடைய "ஒடிசி" மாதிரித் துண்டுகளுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். ஹங்கேரிக்காரர் ரோலண்ட் செண்ட்பாலியின் "பேர்ல்ஸ்" ஜாஸ் வாசனை உள்ளது, பியானோ வேண்டும், ஆனால் கேட்டுவிட்டால் வாசிக்காமல் இருக்க முடியாது.

காசு? வெளிநாட்டு நோட்டு நம்ம ரூபாயில் கடிக்கும், உண்மை. உடனே "ஜெராக்ஸ் போட்டுக்கலாம்" என்று ஒரு குரல் வரும். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. ஹொரோவிட்ஸ் இறந்தது 2022-இல், 2082 வரை காத்திருக்க வேண்டியதுதான். சட்டத்தை விடுங்கள். ஏற்கனவே நூறு பேர்தான் வாங்கப்போகிற வாத்தியத்துக்கு ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த நூறில் தொண்ணூறு பேர் ஜெராக்ஸ் போட்டால் அடுத்தது எழுதுவாரா? மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு நோட்டு வாங்கி, படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வது மேல்.

இவ்வளவும் வெளியூர்ச் சரக்கு. உள்ளூரில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஆச்சரியம் காத்திருக்கிறது, அதுவும் மணலியில். ஆவடியிலிருந்து மணலி ஒன்றும் வெகு தூரம் இல்லை. 1700-களின் கடைசியில் முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் அங்கே தங்கியிருந்தது. முதலியாருக்குக் கம்பெனிக்காரர்களோடு பழக்கம். கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசித்த மெட்டுகள் தீட்சிதர் காதில் விழுந்தன. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருத சாகித்யம் போட்டார். "நோட்டுஸ்வரம்" என்று சுமார் 40 உருப்படிகள். "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு! தம்பி பாலுசுவாமி அங்கேதான் வயலின் கற்றுக்கொண்டார், அது இன்று கர்னாடக மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய பரிசோதனை இசை எது?

யூஃபோனியம் மாணவனுக்கு இது கையில் வைத்த லட்டு. பேண்டிலிருந்து பாட்டுக்குப் போன மெட்டுகள், மறுபடி பேண்டு வாத்தியத்துக்குத் திரும்பி வருவதில் என்ன கஷ்டம்? எல்லாம் சங்கராபரணம், நேர் ஸ்வரங்கள், பெரிய கமகம் கிடையாது. (தீட்சிதர் 1835-இல் மறைந்தார். அவர் யூஃபோனியத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. பார்த்திருந்தால்?) இதற்கு மேல் போக ஆசையிருந்தால் ஏ. எம். சின்னசாமி முதலியார் இருக்கிறார். 1893-இல் சென்னையில் கர்னாடகக் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சடித்தவர். பேண்டுக்காரர்கள் படிக்கிற அதே எழுத்து. கமகத்தை அந்தக் கோட்டில் முழுசாகப் பிடிக்க முடியாது, அதைக் காதால்தான் நிரப்ப வேண்டும். இருந்தாலும் எலும்புக்கூடு தயார்.

ஆனால் சும்மா எடுத்து வாசித்துவிட முடியாது. யூஃபோனியத்தில் எந்த வால்வையும் அழுத்தாமல் ஊதினால் வருவது பி ஃப்ளாட், அதாவது நம்ம கணக்கில் ஆறரைக் கட்டை. வாத்தியத்தின் இயல்பான ஸ்வரம், அதையே ஸட்ஜமாக வைக்கலாம் என்று தோன்றும். கீழ் ஸ்தாயியில் அப்படி வைத்து மாயாமாளவகௌளை சரளி வரிசை ஆரம்பித்தால் இரண்டாவது ஸ்வரத்திலேயே அடி. அந்த சுத்த ரிஷபத்துக்கு மூன்று வால்வையும் சேர்த்து அழுத்த வேண்டும். மூன்று வால்வு சேர்ந்தால் ஸ்வரம் தூக்கலாக வரும், அது வாத்தியத்தின் பிறவிக் குறை. இதைச் சரிசெய்ய 1874-இல் லண்டனில் பிளெய்க்லி என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விலை உயர்ந்த நாலு வால்வு வாத்தியங்களில் அது இருக்கும். மீரட்டிலிருந்து வரும் மலிவான மூணு வால்வில் எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பதில் நாலு கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். ஸ சும்மா, ரி இரண்டும் மூன்றும், க இரண்டு, ம சும்மா, ப ஒன்று, த இரண்டு, நி இரண்டு, மேல் ஸ சும்மா. மூணு வால்வும் சேருகிற இடமே வராது. இப்படி ஒவ்வொரு ராகத்துக்கும் எந்தக் கட்டை என்று ஒரு அட்டவணை போட்டு வைத்தால் அதுவே ஒரு நல்ல புராஜெக்ட்.

கமகத்துக்கு வால்வு ஒத்துவருமா என்ற சந்தேகம் நியாயமானது. இதே சந்தேகத்தை சாக்ஸஃபோனிலும் கேட்டார்கள். கத்ரி கோபால்நாத் வாத்தியத்திலேயே சில மாற்றம் செய்து, வருஷக்கணக்காக சாதகம் செய்து பதில் சொன்னார். வால்வைப் பாதி அழுத்தினால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியும், தொனி கொஞ்சம் மூச்சடைத்த மாதிரி இருக்கும். மேற்கே இதைப் பரிசோதனை இசை என்று பெயர் வைத்துத் தனியாக எழுதுகிறார்கள்.

ஆனாலும் கடன் வாங்கினது கடன்தான். ஆவடி மாணவனுக்கென்று ஒருத்தர் உட்கார்ந்து எழுதின பாட்டு வேண்டாமா? மேற்கே இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பத்து இருபது வாசிப்பாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கம்போசரிடம் பாட்டு எழுதச் சொல்வார்கள். தயாரானதும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் அதை முதலில் வாசிக்கலாம். நம்ம ஊரில் இதற்குப் பெயர் சீட்டு! தள்ளுபடி கிடையாது, எல்லோருக்கும் ஒரே நாளில் விழும் சீட்டு. பெரிய ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி வாசிக்க வைத்தவர், அவரிடம் யூஃபோனியத்துக்கு மூணு நிமிஷம் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? சென்னையில் ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி மாதிரி இடங்களில் கம்போசிங் படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். தங்கள் பாட்டை யாராவது உண்மையான வாத்தியத்தில் வாசிக்கமாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள். இந்தப் பக்கம் பாட்டு இல்லாத வாத்தியம், அந்தப் பக்கம் வாத்தியம் இல்லாத பாட்டு. நடுவில் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட்தான்.

போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. எழுதப் போகிறவருக்கு யூஃபோனியம் பற்றி ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எது வரை கீழே போகும், எது வரை மேலே போகும், எந்த ஸ்வரங்கள் சுருதி தப்பும், ஒரு மூச்சில் எத்தனை நொடி தாங்கும், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கூடவே வாசித்துக் காட்ட வேண்டும். மரிம்பாவுக்குப் பதில் மிருதங்கம் என்று சொல்லிப் பார்க்கலாம்.

அந்தத் தாளின் கடைசியில் இன்னொன்றையும் எழுதி வைக்கலாம், இன்றைக்கு சாயங்காலமே முயன்றும் பார்க்கலாம். ஸட்ஜத்தை நீளமாக, மெதுவாக ஊதிக்கொண்டே, குரலால் அதற்கு மேலே பஞ்சமத்தைப் பாட வேண்டும். முதல் ஒரு வாரம் மாடு கத்துகிற மாதிரிதான் வரும், வீட்டில் திட்டு விழும். குரல் சுருதியில் நின்றுவிட்டால், ஊதாத, பாடாத ஸ்வரங்கள் தானாக எழும்பும். கீழே இன்னொரு ஸட்ஜம், மேலே ஒரு அந்தர காந்தாரம். சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாமல் கேட்கிறதே ஒரு காந்தாரம், அதேதான். குழாய் பித்தளை, அவ்வளவுதான் வித்தியாசம்.